சித்தி என்று கூப்பிட்டவள்

அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. டாக்டர்களும் நர்ஸுகளும் மட்டுமில்லை, தூரத்து ஊர்களிலிருந்து எலும்பு முறிந்து வருகிற நோயாளிகளும் அர்த்தம் தெரியாமலே 'அக்கா, அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அதுதான் அவள் பெயர் என்றே அந்த நாட்டுக்காரர்களில் பலர் நினைத்திருந்தார்கள். அவள் கணவர் அங்கே இன்ஜினியர். ஜெனரேட்டர், ஆக்ஸிஜன் குழாய், தண்ணீர் மோட்டார் என்று எதெல்லாம் மக்கர் பண்ணுமோ அதெல்லாம் அவர் தலையில். கடல் தாண்டி வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகன் இன்னொரு நாட்டில் வேலையில் இருந்தான். ஞாயிறு தவறாமல் போன் செய்வான். 'சாப்பிட்டியாம்மா, சரி வெச்சிடறேன்' என்பதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் பல் டாக்டரே களைத்துப்போவார்.

ஆஸ்பத்திரிக்குச் சேவை செய்வதற்கென்று அவ்வப்போது இளவட்டங்கள் வரும். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போவதற்குள் சில மாதங்களை இப்படிக் கொடுத்துவிட்டுப் போகிற பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகள் வந்தால் அக்கா வீட்டை ஒட்டியிருந்த வீட்டில்தான் தங்க வைப்பார்கள். நடுவில் ஒரே சுவர். இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

ஒரு வருஷம் அப்படி வந்தவள்தான் சிட்டு. ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் இன்ஜினியர் வைத்த பெயர் அது. வந்த அன்றே சமையலறைக் கதவைத் தட்டி, அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்க அச்சு அசல் எங்க சித்தி மாதிரியே இருக்கீங்க. அதே மூக்கு. சித்தின்னே கூப்பிடட்டுமா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூக்கு வழியாக வந்த சொந்தம் என்று இன்ஜினியர் அதற்கப்புறம் எத்தனையோ நாள் கேலி செய்தார். நாற்காலி இருந்தும் அதில் உட்கார மாட்டாள். தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவாள். எந்தப் பாட்டையும் இரண்டாவது அடியிலிருந்துதான் பாடுவாள். முதல் அடி அவளுக்கு ஒரு பாட்டுக்கும் தெரியாது. காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கும் குழந்தைகளோடு விளையாடுவதும், காயத்துக்கு வைக்கிற துணியை மடித்து அடுக்குவதும்தான் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. மற்ற நேரமெல்லாம் அக்கா வீட்டிலேயே கிடப்பாள். பெற்ற பிள்ளையிடம் இத்தனை வருஷத்தில் பேசாத பேச்சையெல்லாம் அக்கா அவளிடம் பேசித் தீர்த்தாள்.

மழைக்காலத்தில் குழந்தைகள் வார்டில் ஒரு காய்ச்சல் வந்தது. உள்ளே போகாதே என்று நர்ஸுகளுக்குத் தலைவியான மேட்ரன் சொல்லியும் சிட்டு கேட்கவில்லை. அப்புறம் அவளுக்கும் இருமல் வந்தது. சக்கர நாற்காலியில் எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுவந்தபோதுகூட இரண்டாவது அடி ஒன்றை முனகிக்கொண்டிருந்தாள். நெஞ்சுப் படத்தில் நுரையீரல் கறுப்பாகத் தெரிந்தால்தான் நல்லது. காற்றுதான் அந்தக் கறுப்பு. சிட்டுவின் படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை. பெரிய ஊருக்குக் கொண்டுபோக வண்டி ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்போதே அவள் போய்விட்டாள். அக்காதான் நர்ஸுகளோடு சேர்ந்து குளிப்பாட்டி, தலை வாரி, புடவை கட்டி அனுப்பினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது.

இனி எந்தப் பிள்ளையோடும் ஒட்டுவதில்லை என்று அவள் அன்றே தீர்மானம் செய்துகொண்டாள்.

அடுத்த வருஷம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் நர்ஸிங் முடித்தவன், நெடுநெடுவென்று வளர்ந்தவன், வாசல் நிலையில் தினமும் தலையை இடித்துக்கொள்கிறவன். அவன் நெட்டை. இன்னொருத்தி சமூகப் பணி படித்தவள், அடங்காத சுருட்டை முடி, அளந்து பேசுகிறவள். அவள் சுருட்டை. அதே ஒட்டு வீட்டின் இரண்டு பக்கத்து அறைகளில் ஆளுக்கொன்று, நடுவில் பொதுச் சமையலறை. முந்தின வருஷம் நடந்ததை அவர்களிடம் மூச்சுவிடக் கூடாது, வந்த பிள்ளைகள் மிரண்டுவிடும் என்று மேட்ரன் எல்லோரையும் எச்சரித்திருந்தார். அக்காவுக்கும் அது வசதியாகப் போயிற்று. எதிரில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

ஆனால் நெட்டை விடுகிற ஆள் இல்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் வந்து நின்றான். அவனுக்கும் சுருட்டைக்கும் பெரிய சண்டையாம். அந்த வீட்டில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும். போகும்போது வாளி நிறையப் பிடித்து வைத்துவிட்டுப் போகிறார்களாம். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் கொட்டிக் கிடக்கிறது, வாளி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. இவன் அவளைச் சொல்ல, அவள் இவனைச் சொல்ல, இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இன்ஜினியர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கதவு பூட்டியிருக்கிறது, ஜன்னலில் கம்பி இருக்கிறது, பூனையாக இருக்கும் என்றார். அந்தப் பூனையைப் பிடித்துச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தரை கழுவி விடுகிறதே என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கவிழ்த்த வாளியில் உட்காருகிறவள் யாரென்று நினைத்ததும் அவளுக்குப் பயம் வந்தது. கொஞ்ச நேரம் போனதும், அந்தப் பயத்துக்கு அடியிலிருந்து வேறொன்று மெல்ல எழுந்து வந்தது. அது சந்தோஷம் என்று தெரிந்தபோது அவளுக்கே கூசியது.

அன்று முதல் அவள் அந்தப் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நெட்டைக்குக் கொண்டாட்டம். சமைக்கத் தெரியாத தன்னைக் காப்பாற்ற வந்த தெய்வம் என்று அக்காவைப் புகழ்ந்து தள்ளினான். சுருட்டை வந்து ஓரமாக உட்கார்ந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், இன்ஜினியர் ஜெனரேட்டர் கொட்டகையில் இருந்தபோது, சமையலறைக் கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு வேகமாக, ஒன்று நிதானமாக, சிட்டு தட்டுகிற மாதிரியே. அக்காவின் கையிலிருந்த கரண்டி நழுவிப் பாத்திரத்துக்குள் விழுந்தது.

"சித்தி, டீ இருக்கா?"

சுருட்டைதான் நின்றிருந்தாள். உள்ளே வந்தாள். நாற்காலியைத் தாண்டிப் போனாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, டீ வரும்வரை எதையோ முனகினாள். அக்காவுக்கு அந்தப் பாட்டு தெரியும். அதன் முதல் அடியும் தெரியும். சுருட்டை அதைப் பாடவில்லை.

டீ குடித்து முடித்ததும் அந்தப் பெண் தூங்கி எழுந்தவள் போல விழித்தாள். தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்து வெட்கப்பட்டு எழுந்தாள். எப்போது வந்தேன் என்று தெரியவில்லை, வெயிலில் தலை சுற்றியிருக்கும் போல, மன்னிச்சிடுங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததையெல்லாம் தெரிந்தேதான் செய்தாள். அந்த வாளியை எடுக்காமல் அதே இடத்தில் விட்டு வைத்தாள். மதியம் ஆனால் ஏதாவது சாக்குச் சொல்லி நெட்டையைப் பண்டகசாலைக்கோ மருந்தகத்துக்கோ அனுப்பினாள். சுருட்டையின் முடியில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, சிட்டு போட்டுக்கொள்வது போல ஒற்றைப் பின்னலாகப் பின்னினாள். சிட்டுவின் சாமான்களை ஊருக்கு அனுப்பியபோது அவள் அனுப்பாமல் ஒளித்து வைத்துக்கொண்ட நீல ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. குளிருது என்று ஒரு நாள் சுருட்டை சொன்னாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அக்கா பீரோவைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுவிட்டாள். அளவு சரியாக இருந்தது.

சிட்டுவைப் பற்றி மட்டும் அந்தப் பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. தான் சொல்லாமல் இருந்தால்தான் வருவது சிட்டுவேதான் என்று நம்ப முடியும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாம் வந்தது. முந்தின வருஷம் வார்டின் மூலைக் கட்டிலில் இருந்த சிறுமிக்குப் பின்னத் தொடங்கிப் பாதியில் விட்ட தொப்பியைப் பற்றி, இன்ஜினியர் மாமா மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டு விழவில்லை என்று சாதித்ததைப் பற்றி, சுருட்டையின் வாய் பேசியது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சில நாள் சிரித்தாள்கூட. பக்கத்து வீட்டுச் சமையலறையில் வாளி கவிழ்வது நின்றுவிட்டது. நெட்டை, பூனை வீடு மாறிவிட்டது என்றான்.

சுருட்டை இளைத்தாள். கன்னம் ஒட்டியது. பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நடு வாக்கியத்தில் நிறுத்துவாள், நெஞ்சு அசையாது, கண் மட்டும் விரிந்திருக்கும். பிறகு திணறி மூச்சு வாங்குவாள். வார்டில் ஒரு முறை மயங்கி விழுந்தாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, கொஞ்சம் சோகை, மிச்சம் வீட்டு ஏக்கம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மகளைப் போலப் பார்த்துக்கொள்கிறாளே என்று மேட்ரன் அக்காவைப் பாராட்டினார். அக்கா தலைகுனிந்துகொண்டாள். அதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மழை தொடங்கிய வாரம், ஒரு மதியம், அது அந்த விஷயத்தைச் சொன்னது.

வாளியில் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. பாட்டு இல்லை. தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தாள். கோபம் இல்லை, விளையாட்டும் இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற முகம்.

"சித்தி, அன்னிக்குப் படம் எடுக்கறப்ப மூச்சை இழுத்துப் பிடின்னு சொன்னீங்க. பிடிச்சேன். விடச் சொல்லவே இல்லையே."

அக்காவே மறந்துபோன விஷயம் அது. அன்றைக்கு அவள் பட்டனை அழுத்திய அதே நொடியில் கரண்ட் போயிற்று. படம் விழுந்ததா இல்லையா என்று தெரியாமல், ஜெனரேட்டரைப் போடச் சொல்லிக் கத்திக்கொண்டே வெளியே ஓடினாள். படம் விழுந்திருந்தது. ஆனால் அவள் திரும்பி வந்தபோது வார்டுக்காரர்கள் சிட்டுவை நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எத்தனையோ ஆயிரம் பேரை எக்ஸ்ரே பலகைக்கு முன்னால் நிறுத்தி, பிடிங்க என்றும் விடுங்க என்றும் வாய் ஓயாமல் சொன்னவள், அவளுக்கு மட்டும் இரண்டாவதைச் சொல்லவில்லை. அப்போது அந்த அறையில் அவர்கள் இருவரைத் தவிர யாருமே இல்லை.

எதிரில் நெஞ்சு அசையாமல் இருந்தது. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. ஒரு வார்த்தைதான். சொல்லிவிடலாம். அக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் சிட்டு போய்விடுவாள் என்று தோன்றியது. இன்னும் ஒரு நாள், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

சுருட்டை வாளியிலிருந்து சரிந்து விழுந்தாள். விழுந்த வேகத்தில் மூச்சு தானாகத் திரும்பியது. ஆனால் கண் திறக்கவில்லை.

பெண்கள் வார்டில் ஆக்ஸிஜன் வைத்துப் படுக்க வைத்தார்கள். காலையில் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அக்கா வார்டுக்கு வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நெட்டை வந்து எதிரில் நின்றான். அவன் கையில் அந்த நீல ஸ்வெட்டர் இருந்தது. உள் காலரில் நூலால் இரண்டு எழுத்து தைத்திருந்தது. அது சுருட்டையின் பெயர் இல்லை. யாருடையது என்று வார்டு நர்ஸைக் கேட்டிருக்கிறான். அவள் மேட்ரனின் எச்சரிக்கையை மறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவனுக்கு ஆத்திரத்தில் குரல் உயரவில்லை, இறங்கிவிட்டது.

"அவளுக்கு என்ன பிடிக்கும்னு தெரியுமாக்கா உங்களுக்கு? அவங்க வீட்ல எத்தனை பேருன்னு தெரியுமா? தினமும் கூட உக்காந்திருந்தீங்க. நீங்க அவளைப் பாக்கவே இல்லை. அவளுக்குள்ள வேற யாரையோ தேடிக்கிட்டு இருந்தீங்க."

அக்கா யோசித்துப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் அம்மா இருக்கிறாளா இல்லையா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நெட்டை ஸ்வெட்டரை பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போனான்.

அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் செய்யவில்லை. "எனக்கும் அந்தப் பாட்டு கேட்டுச்சு. ரெண்டு மூணு தடவை. உன்கிட்ட சொன்னா நீ அவ பின்னாடியே போய்டுவியோன்னு பயந்து சொல்லலை" என்றார்.

காலையில் சுருட்டையைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். அறையில் பகலிலும் பாதி வெளிச்சம்தான் இருக்கும். அக்கா அவளைப் பிடித்து எழுப்பிப் பலகையோடு நெஞ்சைச் சேர்த்து நிறுத்தினாள். தாடையைத் தூக்கி வைத்தாள். தோள் இரண்டையும் முன்னால் தள்ளினாள். கைக்குள் அந்தத் தோள் குச்சி குச்சியாக இருந்தது. வார்டுப் பெண்ணை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போய்ச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"மூச்சை நல்லா இழு. பிடிச்சுக்கோ."

முதுகு விரிந்து நின்றது. பட்டனை அழுத்தினாள். மெஷின் முனகி ஓய்ந்தது.

அறை நிசப்தமாயிற்று. பலகையோடு சேர்ந்திருந்த தலை மெல்லத் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தது. அந்த முகத்தில் சுருட்டை கொஞ்சமும் இல்லை. அக்காவுக்கு அந்தப் பார்வையை விட்டுக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை. ஒரு வருஷமாக அவள் பார்க்கத் தவித்த பார்வை அது. பார்த்துக்கொண்டே நிற்கலாம் போல இருந்தது. கண்ணுக்கு முன்னால் அந்தக் குச்சித் தோள் நடுங்கத் தொடங்கியது.

"விடு கண்ணு," என்றாள். குரல் உடைந்தது. மறுபடி, நோயாளிகளுக்குச் சொல்வது போலத் தெளிவாகச் சொன்னாள். "விடலாம். விட்டுடு. போதும்."

மூச்சு வெளியே வந்தது. அந்த ஒட்டிய நெஞ்சுக்குள் அவ்வளவு காற்று இருந்திருக்க முடியாது. வந்துகொண்டே இருந்தது. கதவு ஜன்னல் எல்லாம் அடைத்த அறையில், கதிர் படாமல் இருக்கப் போட்டுக்கொள்கிற, புயலடித்தாலும் அசையாத கனத்த ஈய அங்கி, சுவரில் மாட்டியிருந்த கொக்கியில் முன்னும் பின்னும் ஆடியது. தடுப்பைத் தாண்டி வந்து அக்காவின் முகத்தில் பட்டபோது அந்தக் காற்று வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு எல்லாம் நின்றது.

"அக்கா," என்றாள் சுருட்டை, பலகையைப் பிடித்துக்கொண்டு. "எனக்கு என்னாச்சு? பசிக்குது."

படத்தில் இரண்டு நுரையீரலும் நல்ல கறுப்பாக இருந்தன.

அக்காவே போய் மேட்ரனிடம் பேசினாள். எது சொன்னால் நம்புவாரோ அதைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இந்தத் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றாள். சுருட்டைக்கு அந்த நாட்களில் பாதி நினைவில் இல்லை. காய்ச்சல் என்றே அவள் எண்ணிக்கொண்டாள். புறப்படும்வரை அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டாள். அம்மா தையல் வேலை செய்கிறாள், தங்கைகள் இருவரும் இரட்டையர்கள், இவளுக்குப் புளிப்பு என்றால் உயிர், கூட்டத்தில் பேசப் பயம். இவ்வளவும் அந்தச் சில நாட்களில்தான் அக்காவுக்குத் தெரிந்தது. வண்டியில் ஏறும்போது, இங்கே இருந்தபோது நல்ல கனவாக நிறைய வந்தது, ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முடி காற்றில் பழையபடி அடங்காமல் பறந்தது.

பக்கத்து வீட்டில் அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நெட்டை வேலைக்குப் போயிருக்கும் மதிய நேரங்களில் அக்கா உதிரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சமையலறையில் நிற்பாள். குழாயில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அடுப்பு மேடையில் எறும்பு போகும். ஆளில்லாத வீடு எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். ஒரு நாள் தட்டியும் பார்த்தாள், தன் பக்கத்துச் சுவரிலிருந்து, மடத்தனம் என்று தெரிந்தே. அன்றைக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது. இன்ஜினியர் வேலையைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பேய் பிடித்த வீட்டில் இருப்பது கஷ்டம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள்; அது விட்டுப் போன வீட்டில் இருந்து பார்க்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

நெட்டை அவள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. வார்டில் எதிர்ப்பட்டால் மரியாதையாக ஒதுங்கிப் போனான். அக்காவும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள். கடைசியில் ஒரு மதியம், மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, அவனே வந்தான். நனைந்திருந்தான். நிலையில் தலையை இடித்துக்கொண்டான். சோறு குழைந்து களியாகிவிட்டது, மனுஷன் தின்ன முடியாது, கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்கிறேன், இப்போது ஏதாவது போடுங்கள் என்றான்.

அக்கா தட்டு வைத்தாள். அவன் பாதி சாப்பிடும்வரை பரிமாறினாள். பிறகு அவன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அப்பா மட்டும்தான் என்றான். அப்பாவுக்கு இவன் நர்ஸிங் படித்ததில் அவமானமாம். சொந்தக்காரர்களிடம் பையன் டாக்டருக்குப் படிக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறாராம். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தான். சிரிப்பு போகப் போகத் தேய்ந்தது. கையில் சோறு காய்ந்தது. அக்கா எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வரவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை, சுவர்ப் பக்கம் காதைக் கொடுக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, அப்பா அப்புறம் என்ன சொன்னார் என்று கேட்டாள்.